குடைக்கம்பியில் நின்ற மரபு

ஓர் உடை தேசிய உடையாக மாறுவதற்குப் பல நூற்றாண்டுகள் எடுக்கும் என்று புத்தகங்களில் எழுதியிருப்பார்கள். நம்பாதீர்கள். ஒரு சுற்றறிக்கை, ஒரு குழு, அந்தக் குழுவுக்கு வடையும் தேநீரும் இருந்தால் போதும். கூடவே, எல்லாம் தனக்குத் தெரியும் என்று நினைக்கும் ஓர் இளம் உத்தியோகத்தரும் வேண்டும். எங்கள் விடயத்தில் அந்த உத்தியோகத்தர் நான்தான்.

அப்போது நான் வலிகாமத்தில் ஓர் அரச அலுவலகத்தின் கலாசாரப் பிரிவில் இருந்தேன். வேலை கிடைத்துவிட்டதே தவிர, தகுதிகாண் காலம் முடியவில்லை. நிரந்தர நியமனம் வந்தால்தான் எனக்கு மாப்பிள்ளை பார்ப்பது என்று அம்மா முடிவெடுத்திருந்தார். (தரகரும் "பிள்ளை நிரந்தரமோ?" என்று கேட்டபிறகுதான் சாதகத்தைக் கையில் வாங்குவார்.) ஆகவே அலுவலகத்தில் யார் எதைக் கேட்டாலும் ஓடி ஓடிச் செய்தேன். கேட்காததையும் செய்தேன். வினை அங்கேதான் தொடங்கியது.

ஒருநாள் கொழும்பிலிருந்து அந்தச் சுற்றறிக்கை வந்தது. எல்லா மாகாணங்களும் கூடும் பெரிய கலாசார விழா. மாகாணத்துக்கு ஒரு பெண் பிரதிநிதி மேடையேற வேண்டும். "பெண்கள் தேசிய உடையான ஒசரியில் சமுகமளிக்க வேண்டும். தமது மாகாணத்துக்கென மரபுடை ஏதும் இருப்பின், அதனை அணியலாம்" என்று எழுதியிருந்தது. ஆண்களுக்கு? "பொருத்தமான உடை." அவ்வளவுதான். ஆண்கள் எதைப் போட்டாலும் பொருந்தும் போலிருக்கிறது.

ஒசரி என்பது கண்டிப் பெண்கள் இடுப்பைச் சுற்றிச் சுருக்கு வைத்துக் கட்டும் சேலை. வடிவான உடை, அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. எங்களைக் கொதிக்க வைத்தது "ஏதும் இருப்பின்" என்ற அந்த இரண்டு சொற்கள்தான். ஒசரியைக் கட்டிக்கொண்டுபோய் "நாங்கள் வடக்கிலிருந்து வருகிறோம்" என்று நின்றால், எங்களுக்கென்று ஒன்றும் இருந்ததில்லை என்று நாங்களே எழுதிக் கொடுத்தது மாதிரி ஆகிவிடாதா? அலுவலகத்தில் தேநீர் ஊற்றுபவர் முதல் கணக்காளர் வரை எல்லோருக்கும் ரோசம் வந்துவிட்டது.

"இருக்குதெண்டு காட்டத்தான் வேணும்" என்றார் எங்கள் மேலதிகாரி. அவர் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சக் காலமே இருந்ததால் எந்தத் தீர்மானத்தையும் தானாக எடுக்கமாட்டார். உடனே ஒரு குழுவை அமைத்தார்.

குழுவின் தலைவர் சிவபாதம் மாஸ்டர், நல்லூரைச் சேர்ந்த ஓய்வு பெற்ற அதிபர். கையில் ஒலிவாங்கி கிடைத்தால் திருப்பிக் கொடுக்கும் பழக்கம் அவருக்கு இல்லை. அவரோடு வேறு சில பெரிய மனிதர்கள். எல்லோரும் காற்சட்டையும் கைநீளச் சேர்ட்டும் போட்டுக்கொண்டு, பெண்கள் எந்த மரபை மறந்துவிட்டார்கள் என்று கவலைப்பட்டார்கள். பெண்கள் என்று பார்த்தால் குறிப்பெடுக்க நானும், குருநகரிலிருந்து வந்த திரேசம்மா ரீச்சரும் மட்டும்தான்.

சேலை என்றார் ஒருவர். "அது இந்தியாக்காரியும் கட்டுறாள்" என்றார் மற்றவர். பாவாடை தாவணி என்றார்கள். அதுவும் இந்தியாவில் இருக்கிறதாம். இந்தியாவில் இல்லாத ஏதாவது ஒன்றைக் கண்டுபிடித்தே ஆகவேண்டும் என்ற நிலையில் கூட்டம் அப்படியே நின்றது. அப்போதுதான் திரேசம்மா ரீச்சர் தொண்டையைச் செருமினார்.

"நான் உண்மையைச் சொல்லட்டோ? எங்கடை பெண்டுகள் விடிஞ்சதிலையிருந்து பொழுதுபடுமட்டும் போட்டிருக்கிறது சோட்டிதான். குருநகரிலை மீன் வாங்கப் போறதும் அதோடைதான், வட்டுக்கோட்டையிலை வெங்காயம் கிண்டுறதும் அதோடைதான். சாதி சமயம் பாக்காமல் எல்லாரும் போடுற ஒரே உடுப்பு அதுதான். அதை அனுப்புங்கோவன்."

தோளிலிருந்து கணுக்கால் வரை தொளதொளவென்று தொங்கும் பூப்போட்ட சோட்டியை, தங்கள் வீட்டு வாசலில் அன்று காலையும் பார்த்துவிட்டு வந்த அத்தனை பெரிய மனிதர்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "ஒரு நகைச்சுவைக் கருத்தும் முன்வைக்கப்பட்டது" என்று கூட்ட அறிக்கையில் பதிந்தேன். அந்த அறையில் பேசப்பட்ட ஒரே உண்மை அதுதான் என்று விளங்கும் அளவுக்கு அப்போது எனக்கு மூளை இருக்கவில்லை.

மாறாக, என்னிடம் ஒரு படம் இருந்தது. பரமு அம்மான் கனடாவுக்குப் போகும்போது எங்கள் வீட்டில் விட்டுப்போன பெட்டிக்குள் கிடந்த பழைய கறுப்பு வெள்ளைப் படம். (அவர் என் அம்மாவுக்குத்தான் அம்மான். ஆனாலும் ஊர் முழுக்க அவரை அப்படித்தான் கூப்பிடும்.) படத்தில் ஒரு பெண் இடுப்பில் கைவைத்து, ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறாள். சேலையின் கொய்யகத்தை, அதாவது மடிப்பு மடிப்பாகக் கொய்து செருகும் பகுதியை, எல்லோரையும் போல முன்னால் வைக்காமல் பின்னால் வைத்திருக்கிறாள். அது இடுப்புக்குப் பின்னால் விசிறி மாதிரி விரிந்து நிற்கிறது. பின்கொசுவம் இந்தியாவில் உண்டு, ஆனால் இப்படி நிமிர்ந்து நிற்கும் விசிறி இந்தியாவில் இல்லாதது. கண்டியில் இல்லாதது. நானும் வேறெங்கும் கண்டதில்லை.

"உது ஆரம்மா?" என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா அடுப்படியில் மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தார்.

"ஆருக்குத் தெரியும். அம்மான்ரை பெட்டிக்குள்ளை கிடந்ததெண்டால் எங்கடை ஆக்கள் ஆரோதான். கதவைச் சாத்து, கமறுது."

எனக்கு அது போதுமாக இருந்தது. அடுத்த கூட்டத்தில் படத்தை மேசையில் வைத்தேன். மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டார். எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள்.

"இதெல்லோ பெண்மை!" என்றார் ஒருவர்.

"கண்ணைப் பாருங்கோ, என்ன அடக்கம்" என்றார் இன்னொருவர்.

"தாடை கொஞ்சம் அகலம்" என்று திரேசம்மா ரீச்சர் இழுத்தார்.

"அது உறுதி, ரீச்சர். எங்கடை மண்ணின்ரை உறுதி" என்றேன் நான். மாஸ்டர் என்னை மெச்சிப் பார்த்தார். நிரந்தர நியமனம் என் கண்முன்னே வந்து நின்றது.

எந்தக் காலத்துப் படம் என்று போடுவது என்ற கேள்வி வந்தது. "பத்தொன்பதாம் நூற்றாண்டு எண்டு போடும் பிள்ளை. அதுக்குக் கீழை இறங்கினால் மதிப்பில்லை" என்றார் மாஸ்டர். போட்டேன். உடைக்கு "யாழ்க் கொய்யகம்" என்று பெயரும் வைத்தார். அதை யார் கட்டுவது என்று கேட்டபோது, படம் கொண்டுவந்த பிள்ளையே கட்டட்டும் என்று முடிவானது. நான் மிகவும் தயங்குவது போல நடித்துவிட்டு ஒப்புக்கொண்டேன்.

சங்கடம் என்னவென்றால், அந்த விசிறி நிற்கவில்லை. கஞ்சி போட்டுப் பார்த்தேன். கட்டி அரைமணித்தியாலத்தில் வாடிய வாழையிலை மாதிரித் தொங்கியது. படத்திலோ அது இரும்பு போல நின்றது. அந்தக் காலத்துப் பெண்கள் பனை ஈர்க்கு வைத்திருப்பார்கள் என்று நானே ஓர் ஆய்வு முடிவுக்கு வந்தேன். ஈர்க்கு முறிந்தது. கடைசியில் அம்மாவின் பழைய குடையைப் பிரித்து, கம்பிகளை மடிப்புக்குள் வைத்துத் தைத்தேன். விசிறி நிமிர்ந்து நின்றது! கண்ணாடியில் பின்பக்கத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்துப் பூரித்துப்போனேன்.

"என்ரை குடை எங்கை?" என்று அம்மா கேட்டார்.

"அது இப்ப மரபு அம்மா" என்றேன்.

குழு முழுவதும் ஒரு வாடகை வானில் ஏறிக் கொழும்புக்குப் போனோம். பயணத்துக்கு நான் சுரிதார் போட்டிருந்தேன். (அது எந்த மாகாணத்தின் மரபு என்று ஒருவரும் கேட்கவில்லை.) உடையை மண்டபத்தில்தான் கட்டினேன். அங்கே கட்டி முடித்து, கதவால் பக்கவாட்டில் நுழைந்து, மேடையில் ஏறி, வரிசையில் நடந்தேன். பின்னால் இருந்த பெரிய திரையில் எங்கள் படம் தோன்றியது. "வடமாகாணப் பெண், பத்தொன்பதாம் நூற்றாண்டு." மண்டபம் கைதட்டியது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஏதும் இருப்பின் என்றா கேட்டீர்கள்? இதோ பாருங்கள், இருக்கிறது.

அப்போது அறிவிப்பாளர், "பெண் பிரதிநிதிகள் ஆசனங்களில் அமரவும்" என்றார்.

எல்லோரும் அமர்ந்தார்கள். நானும் அமரப் போனேன். பாதி தூரம் இறங்கியதும் அம்மாவின் குடை என்னைக் குத்தியது. எங்கே என்று எழுதத் தேவையில்லை. துள்ளி எழுந்தேன். அத்தனை நாளும் அந்த உடையில் நடந்து பார்த்திருக்கிறேன், கும்பிட்டுப் பார்த்திருக்கிறேன், கண்ணாடி முன் சாய்ந்து நின்று பார்த்திருக்கிறேன். ஒருமுறைகூட இருந்து பார்க்கவில்லை. மரபைக் காப்பாற்றுபவளும் கதிரையில் இருப்பாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"வடமாகாணப் பிரதிநிதியும் தயவுசெய்து அமரவும்."

நான் நின்றேன். பக்கத்தில் ஒசரியில் இருந்த கண்டிப் பிள்ளை என் கையைப் பிடித்து, "அக்கா, உக்காருங்க" என்று தனக்குத் தெரிந்த தமிழில் கெஞ்சினாள். இன்னொரு தரம் முயன்றேன். இம்முறை இரண்டு கம்பிகள் குத்தின. பிரதம விருந்தினர் பேச எழுந்தவர், என்னைப் பார்த்துவிட்டுப் பேசாமல் நின்றார். யாரோ ஒருவர் கைத்தொலைபேசியைத் தூக்கினார். பிறகு எல்லோரும் தூக்கினார்கள்.

வடக்கிலிருந்து வந்த ஒரு பெண், கொழும்பு மேடையில், பிரதம விருந்தினர் முன்னால், மூன்று முறை சொல்லியும் அமர மறுத்து நிற்கிறாள். இதற்கு என்ன அர்த்தம் என்று மண்டபத்தில் இருந்த ஒவ்வொருவரும் தத்தம் அரசியலுக்கு ஏற்றபடி விளங்கிக்கொண்டார்கள். குடைக்கம்பி என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கு அழுகை வந்தது. அதை ஆவேசம் என்று நினைத்து, பின்வரிசையில் இரண்டு பேர் கைதட்டினார்கள். முன்வரிசையில் என் மேலதிகாரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அவருடைய ஓய்வூதியமும் என்னுடைய நியமனமும் கைகோத்துக்கொண்டு வாசலால் வெளியே போவது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

மாஸ்டர் மேடையேறி ஒலிவாங்கியைப் பிடுங்கியது அப்போதுதான்.

"சபையோரே! தவறாக எண்ணவேண்டாம். யாழ்க் கொய்யகம் அணிந்த பெண், விருந்தினர் முன்னிலையில் அமர்வதில்லை. இது எங்கள் தொன்றுதொட்ட மரபு. நிற்பதே அவளுடைய மரியாதை!"

அது மொழிபெயர்க்கப்பட்டது. பிரதம விருந்தினரின் முகம் மலர்ந்தது. இவ்வளவு மரியாதை தெரிந்த ஒரு பெண் நிற்கும்போது நாங்கள் இருப்பதா என்று அவர் கேட்க, மண்டபம் முழுவதும் எழுந்து நின்றது. நிற்பதற்கு மற்றவர்களுக்கு மரபுக் கட்டாயம் ஒன்றும் இல்லாததால், விழா முடிவதற்குள் ஒவ்வொருவராக இருந்துவிட்டார்கள். நான் மட்டும் கடைசிவரை நின்றேன். இறுதியில் "யாழ்க் கொய்யகம் இன்றுமுதல் எமது நாட்டின் தேசிய மரபுடைகளில் ஒன்று" என்று பிரதம விருந்தினர் அறிவித்தார். மாஸ்டர் கண்ணீர் விட்டார். எனக்கும் கண்ணீர் வந்தது. காரணம் வேறு.

திரும்பி வரும் வழியில் தேநீர் குடிக்க வானை நிறுத்தினார்கள். மறுபடி சுரிதாருக்குள் புகுந்து, இருக்க முடிவது எவ்வளவு பெரிய பாக்கியம் என்று நினைத்து நினைத்து இருந்தேன். அப்போது கனடாவிலிருந்து காணொளி அழைப்பு வந்தது. பரமு அம்மான். விழாவை முகநூலில் நேரலையாகப் பார்த்திருக்கிறார். எண்பதைத் தாண்டிய மனிதர் திரையில் துள்ளிக் குதித்தார்.

"பிள்ளை! என்ரை படத்தை உவ்வளவு பெரிசாப் போட்டிருக்கிறியள்! இஞ்சை எல்லாருக்கும் அனுப்பிப்போட்டன்."

"ஓம் அம்மான், உங்கடை பெட்டிக்குள்ளை கிடந்த படம்தான். அந்த மனிசி ஆர்?"

"எந்த மனிசி? அது நான்தான்."

குழு முழுவதும் தேநீர்க் குவளையோடு என் தோளுக்குப் பின்னால் நின்றது.

"ஊர்க் கூத்திலை நான்தானே இளவரசி. பெட்டையளை மேடையிலை விடமாட்டினம், பெடியளுக்குத்தான் வேசம் கட்டுறது. எனக்கெண்டால் பின்னுக்கு ஒண்டும் இல்லை, பலகை மாதிரி. இளவரசி எண்டால் நம்பவேணுமே? அதுதான் கூத்துப் பழக்கின அண்ணாவியார், யன்னல் சீலையைக் கொய்து பின்னாலை செருகி, உள்ளுக்கு ஒரு தகரத்தை வைச்சுக் கட்டிவிட்டவர். நீங்கள் என்னத்தை வைச்சனியள்?"

"குடைக்கம்பி, அம்மான்."

"ஐயோ, அது குத்துமே!"

நான் மாஸ்டரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் என் கைத்தொலைபேசியையும் குழுவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "பிள்ளை, சிக்னல் சரியில்லையெண்டு சொல்லிக் கட் பண்ணும்" என்றார். கட் பண்ணினேன். அவர் தேநீரை ஒரே மிடறில் குடித்துவிட்டு, "அது அவரின்ரை தனிப்பட்ட கருத்து" என்றார்.

அடுத்த நாள் மேலதிகாரியின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். திருத்தம் அனுப்புவோம் என்றேன். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து இருந்தார்.

"நீர் இப்ப என்ன எழுதப்போறீர்? அது பொம்பிளை இல்லை, கூத்தாடின ஆம்பிளை எண்டோ? பேந்து கொழும்பிலை அவை என்ன சொல்லுவினம்? ஏதும் இருப்பின் எண்டு கேட்டம், ஒண்டும் இருக்கேல்லை எண்டுதானே? ஒருக்கால் யோசியும் பிள்ளை."

யோசித்தேன். அவர் சொன்னது அநியாயம். ஆனால் எங்களை இந்த அநியாயத்துக்குள் தள்ளியது அந்த இரண்டு சொற்கள் என்பதும் உண்மை. இருப்பதை இருக்கிறபடி காட்ட எங்களை யாரும் கேட்கவில்லை, இருக்கிறதா என்று நிரூபிக்கத்தான் கேட்டார்கள். நிரூபிக்கச் சொன்னால் குடையைப் பிரிக்கத்தானே வேண்டியிருக்கிறது? அந்த மாதமே என் நியமனம் நிரந்தரமானது. அம்மா மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கினார். இருந்தாலும் அதன்பிறகு கேட்டவர்கள் எல்லோரிடமும் இந்தக் கதையைச் சொல்லி வருகிறேன். எல்லோரும் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுத் தங்கள் பிள்ளைக்குக் கொய்யகம் வாடகைக்கு எடுக்கப் போவார்கள்.

ஆம், இப்போது நல்லூரில் கம்பி வைத்துத் தைத்த ஆயத்தக் கொய்யகம் வாடகைக்குக் கிடைக்கிறது. பருத்தித்துறையிலும் ஒரு கடை இருக்கிறதாம். பாடசாலைக் கலாசார விழாக்களில் அது கட்டாயம். சென்ற வருடம் இரண்டாம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்கும் கட்டவேண்டி வந்தது. பிரதம விருந்தினர் வழக்கம்போலப் பிந்திவிட்டார். சின்னப் பிள்ளைகள் கொய்யகத்தோடு வெயிலில் வரிசையாக நின்றார்கள். ஆண் பிள்ளைகள் வேட்டியோடு கதிரைகளில் இருந்தார்கள்.

"அம்மா, கால் நோகுது. நாங்கள் ஏன் இருக்கக்கூடாது?" என்று மகள் கேட்டாள்.

ஒரு கதிரையை இழுத்துக்கொண்டு போனேன். ஓர் இளம் ஆசிரியை ஓடி வந்தார்.

"அம்மா, உந்த உடுப்போடை இருக்கக்கூடாது. விருந்தினர் வரமுந்தி இருக்கிறது மரியாதையில்லை. எங்கடை மரபு உங்களுக்குத் தெரியாதே?"

"தெரியாது ரீச்சர்" என்றேன். வேறு என்ன சொல்ல?

பிறகு மகளைத் திருப்பி நிறுத்தி, மடிப்பைப் பிரித்து, கம்பிகளை ஒவ்வொன்றாக உருவி எடுத்தேன். நுனியில் துணி கோக்கும் சின்ன ஓட்டை அப்படியே இருந்தது. இவ்வளவு பெரிய தொழிலாகிவிட்ட பிறகும், அசல் குடைக்கம்பிதான். விசிறி பொத்தென்று சரிந்தது. மகள் கதிரையில் இருந்து காலை ஆட்டினாள். பக்கத்தில் நின்ற பிள்ளைகள் என்னையே பார்த்தார்கள். "அன்ரி, எனக்கும்" என்றது ஒன்று. விருந்தினர் வந்து சேர்ந்தபோது என் கையில் ஒரு குடைக்குப் போதுமான கம்பி இருந்தது. உங்களைப் போன்றவர்களால்தான் எங்கள் கலாசாரம் அழிகிறது என்று அந்த ஆசிரியை சொன்னார். ஆக்கியவளே அழித்தால் அது அழிவில் சேராது என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

மகள் கதிரையில் இருந்த படத்தைப் பரமு அம்மானுக்கு அனுப்பினேன். உடனே குரல் பதிவு வந்தது. "வடிவாயிருக்கிறாள் பிள்ளை. அவளுக்கு உது என்னத்துக்கு? நான் ஆம்பிளை, எனக்குத்தான் தேவைப்பட்டது. அவளை வடிவா இருக்கச் சொல்லு."

எங்கள் வீட்டில் இன்றும் யாராவது வந்து, இருங்கோ என்று சொன்ன பிறகும் கூச்சத்தோடு நின்றால், அம்மா அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பார்: "என்ன, கம்பி குத்துதோ?" கேட்டுவிட்டு என்னைப் பார்ப்பார். தன் குடைக்கு இன்னும் நான் பதில் சொல்லவில்லை என்பதும் அந்தப் பார்வையில் இருக்கும்.